தாளிக்காத சாம்பார்

புனேயில் எங்களுக்குச் சொந்தம் என்று யாரும் கிடையாது. சொர்ணம் மாவு இருந்தது. ஒரு பாக்கெட் இட்லி மாவைப் போய் யாராவது சொந்தம் என்பார்களா என்று கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். நாங்கள் சொன்னோம். வானவடியிலும் கட்கியிலும் கேம்ப்பிலும் இருந்த தமிழ்க் குடும்பங்கள் வாய் நிறையச் சொன்னோம். சொன்னதற்கான பலனைப் போன மாதம் அனுபவித்தும் ஆயிற்று.

ராஸ்தா பேட்டில் ஒரு சந்துக்குள் கோவிந்தராஜ் அண்ணாச்சி தன் அம்மா சொர்ணத்தின் பேரில் ஆரம்பித்த கடை அது. முன்பக்கம் மாவு, பின்பக்கம் ஒரு சமையல் கூடம். அப்போதெல்லாம் ஆர்ட்னன்ஸ் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் ஒரு சாவு விழுந்தால் ஊரிலிருந்து ஆள் வந்து சேர ரயிலில் ஒன்றரை நாள் ஆகும். சாவு வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. பிள்ளைகள் பசியில் அழும். அதைப் பார்த்துவிட்டு அண்ணாச்சி ஒருநாள் தானே இட்லியும் சாம்பாரும் எடுத்துக்கொண்டு ஒரு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு தன் கடையில் மாவு வாங்குகிற எந்த வீட்டில் சாவு என்றாலும், காரியம் முடிகிற வரை வேளாவேளைக்குச் சாப்பாடு அனுப்பினார்.

அதற்கு அவர் வைத்திருந்த முறை பெரிது. சாம்பார் தாளிக்காமல் வரும். எண்ணெயில் பொரித்த ஒரு துண்டு அப்பளம்கூட இருக்காது, துக்க வீட்டில் எண்ணெய்ச் சட்டி ஆகாது என்பதால். கொண்டுவருகிற ஆள் பாத்திரத்தை உள்ளே வைத்துவிட்டு ஒரு நிமிஷம் நிற்பான். பிறகு சொல்லிக்கொள்ளாமல் இறங்கிப் போய்விடுவான். சாவு வீட்டில் 'போயிட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது இல்லையா, அந்த வீட்டுக்கு அப்படி ஒரு வருகை மறுபடி வேண்டாம் என்று. வேலைக்குச் சேருகிற அன்றே அண்ணாச்சி தன் ஆட்களுக்கு இதைச் சொல்லிவிடுவார். போன் செய்தால் எந்த வீடு, எத்தனை பேர் என்று மட்டும் கேட்பார். காசு பற்றிப் பேசினால் போனை வைத்துவிடுவார்.

என் வீட்டுக்காரர் கொரோனாவில் போனார். டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸில் முப்பது வருஷம் வேலை பார்த்த மனிதரைப் பார்க்க எங்கள் கட்டிடத்தில் ஒருவரும் வரவில்லை. வரவும் முடியாது. பத்தாம் நாள் வரை என் வாசல் கொக்கியில் மூன்று வேளையும் ஒரு பை தொங்கியது. கதவைத் திறந்து அந்தப் பையை எடுக்கும்போது மட்டும்தான் நான் அழுதேன். எதிர் வீட்டுச் செல்வமேரி தன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் சாப்பிட்டேனா என்று அங்கிருந்தே கேட்டுக்கொண்டிருப்பாள். கட்கி தொழிற்சாலையில் ரிட்டயர் ஆன ஆரோக்கியசாமி அண்ணனின் மனைவி அவள். என்னைவிட மூன்று வயது மூத்தவள், எனக்கு மேரிக்கா.

இதில் ஒரு கெடுதல் நடந்தது, யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் சாவுக்கு ஒருவர் சமைப்பதை நாங்கள் விட்டுவிட்டோம். எங்கே சாவு என்றாலும் சொர்ணத்துக்குப் போன் போட்டாயா என்று கேட்பதோடு எங்கள் கடமை முடிந்துபோனது.

அண்ணாச்சி காலமான பிறகு மகன் விஜய் பொறுப்புக்கு வந்தான். புனேயில் பிறந்து வளர்ந்தவன். அவன் தமிழ் பேசுவது செருப்பை இடம்வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு நடப்பது போல இருக்கும். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். ஊருக்கு வெளியே சாகண் பக்கம் பெரிய ஃபேக்டரி கட்டினான், மும்பை மால்களில் எல்லாம் மாவை வைத்தான், ஒரு ஆப் கொண்டுவந்தான். எங்களுக்குப் பெருமைதான். நாமே வளர்த்த பிள்ளை என்று பேசிக்கொண்டோம். வளர்த்ததாக நினைத்துக்கொண்டது நாங்கள் மட்டும்தான்.

போன தீபாவளிக்கு முன்னால் சொர்ணம் ஷேர் மார்க்கெட்டுக்குப் போகிறதாம் என்று செய்தி வந்தது. 'சொர்ணம் குடும்பம்' என்ற வாட்ஸப் குழுவில் ஒரே ரகளை. அது எங்களைப் போன்ற பழைய வாடிக்கைக்காரர்களுக்காக அண்ணாச்சி காலத்தில் ஆரம்பித்த குழு. பாதிப் பேர் வாழ்த்தினார்கள், மீதிப் பேர் புலம்பினார்கள். நான் புலம்பிய கட்சி. அண்ணாச்சியைப் பெற்ற தாயின் பெயரைப் பலகையில் எழுதி ஊரெல்லாம் விலை கேட்பதா என்று நான் எழுதியதற்கு நிறையக் கட்டைவிரல்கள் விழுந்தன.

விஜய் எங்களைக் கூப்பிட்டான். கேம்ப்பில் ஒரு ஹோட்டல் ஹாலில் டீ, பிஸ்கட், பின்னால் பெரிய கேமரா.

"இன்னும் எதுவும் டிசைட் ஆகலை ஆன்ட்டி. மேபி போவோம், மேபி மாட்டோம். கஸ்டமர்ஸோட ஃபீலிங்ஸ் தெரிஞ்சுக்கணும், அவ்ளோதான்" என்றான்.

ஃபீலிங்ஸைச் சொல்ல ஆளா இல்லை. கேம்ப்பில் தோல் கடை வைத்திருக்கும் முகமது இஸ்மாயில் பாய் எழுந்தார். "இத்தனை வருஷமா இவங்க மாவைத் தின்னாச்சு. இனிமே கம்பெனியையும் கொஞ்சம் தின்னு பாக்கலாமே. நான் ஷேர் போடப் போறேன்" என்றார். ஹாலே சிரித்தது.

கோயம்புத்தூரிலிருந்து வந்து ஐ.டி.யில் இருக்கிற ஸ்ரீவத்சன் கையை உயர்த்திப் பாடம் எடுத்தான். "ஃபேமிலி கம்பெனின்னா எல்லாமே வாய்ப்பேச்சுல ஓடுமுங்க. லிஸ்ட் ஆயிட்டா எதுக்கும் ஒரு ப்ராசஸ் வந்துருமுங்க. கஸ்டமருக்கு அதுதானுங்க நல்லது."

மேரிக்கா உட்கார்ந்தபடியே கேட்டாள். "மாவு புளிச்சுதுன்னா அண்ணாச்சி சட்டையப் புடிச்சுக் கேப்போம். நாளைக்கு யார் சட்டையப் புடிக்கிறது தம்பி? ஷேர் மார்க்கெட்டுக்குச் சட்டை இருக்கா?"

விஜய் சிரித்தான். நான் வளைக்காமல் கேட்டேன். "சாவு வீட்டுச் சாப்பாடு நிக்காதே?"

"ஆன்ட்டி, அது நம்ம டி.என்.ஏ. அது எப்படி நிக்கும்? நீங்களே அதைப் பத்திக் கேமரால சொல்லுங்களேன். உங்க வீட்டு அங்கிள் போனப்ப நடந்ததை."

மேரிக்கா என் புடவையைப் பிடித்து இழுத்தாள். "வேணாம் ராஜி" என்று சொல்லி விஜய் பக்கம் திரும்பினாள். "உங்க அப்பா இத ஒருநாளும் வெளிய சொன்னதில்லையே தம்பி. சொன்னா அது தர்மம் இல்ல, கடை போர்டுன்னு சொல்லுவாரு."

எனக்கு வேறு கணக்கு ஓடியது. ஊரறிய, கேமராவில், அவன் முன்னாலேயே சொல்லிவிட்டால் நாளைக்கு எந்தப் பங்குக்காரன் வந்தாலும் இதை நிறுத்த முடியாது என்று நினைத்தேன். கெட்டிக்காரியாம் நான். எழுந்து போய் விளக்குக்கு நேராக உட்கார்ந்து வாசல் கொக்கியைச் சொன்னேன், பையைச் சொன்னேன். கடைசியில், "சொர்ணம் இருக்கிற ஊர்ல எந்தச் சாவு வீட்டுலயும் பசி இருக்காது" என்றேன். யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. நானாகத்தான் சொன்னேன். கேமராக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் ரிக்‌ஷாவில் மேரிக்கா என்னைவிட்டு ஓரமாகத் தள்ளி உட்கார்ந்து வந்தாள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை விடியும்போது ஆரோக்கியசாமி அண்ணன் போய்விட்டார். தூக்கத்திலேயே. மேரிக்கா கத்தவில்லை. என் கதவைத் தட்டி, "ராஜி, அவரு எந்திரிக்க மாட்டேங்குறாரு, வந்து பாரு" என்றாள். பார்த்தேன். பக்கத்து டாக்டர் வந்தார், சொன்னார். சாகணில் இரவு ஷிஃப்ட்டில் இருந்த அவள் மகனுக்குப் போன் போட்டேன். அடுத்த போன் சொர்ணத்துக்கு.

ராஸ்தா பேட் நம்பர் எடுக்கவில்லை. ஆப்பில் இருந்த நம்பரில் ஒரு பெண் ஹிந்தியில் பேசினாள், மிக மரியாதையாக. வீடு சொன்னேன், எத்தனை பேர் என்று சொன்னேன். வருத்தம் தெரிவித்தாள். என் கோரிக்கை பதிவாகிவிட்டது என்றாள். அது போதும் எனக்கு. பதிவாகிவிட்டது என்றால் இட்லித் தட்டில் மாவு ஊற்றியாயிற்று என்றுதான் என் புத்திக்குப் பட்டது.

மேல் மாடி ஜாதவ் வீட்டு வஹினி, மராத்தியில் அண்ணி, செய்தி கேட்டு இறங்கி வந்தாள். நல்ல மனுஷி. கடலைமாவுப் பிட்லாவும் சோள ரொட்டியான பாக்ரியும் செய்து கொண்டுவருகிறேன், எத்தனை பேருக்கு வேண்டும் என்று கேட்டாள். அவர்கள் ஜனங்களில் துக்க வீட்டுக்கு அதைத்தான் கொண்டுவருவார்கள். "நகோ வஹினி, வேணாம். எங்க ஆளுங்ககிட்ட இருந்து சாப்பாடு வருது" என்றேன். அந்த 'எங்க ஆளுங்க' என்பதைக் கொஞ்சம் அழுத்தியும் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டு மேலே போய்விட்டாள். வேறு இரண்டு வீட்டார் கேட்டதற்கும் அதே பதில்.

மேரிக்காவுக்குச் சர்க்கரை. காலையில் இன்சுலின் போட்டு, போட்டதும் சாப்பிட வேண்டும். ஊசி போட்டுவிடுவது எப்போதும் நான்தான், அவளுக்குக் கை நடுங்கும். அன்றைக்கு அவள் வேண்டாம் என்றாள்.

"சாப்பாடு வந்து எறங்கட்டும் ராஜி. அப்பறம் போடு."

"வந்துட்டே இருக்குக்கா. எட்டு மணிக்கு மேல சொர்ணம் என்னைக்கு லேட் பண்ணிருக்கு? வந்ததும் கூட்டம் சேர்ந்துரும், அப்பறம் ஊசிய மறந்துருவோம்" என்று சொல்லி நானே போட்டேன்.

எட்டு போனது. ஒன்பதும் போனது. வீடு நிறைய ஆள். மகன் வந்துவிட்டான், கல்லறை ஏற்பாட்டுக்கு உடனே கிளம்பியும் போய்விட்டான். மறுபடி போன் போட்டேன். இப்போது வேறு ஒரு பெண். இறந்தவர் பெயரிலா ஆப் கணக்கு இருக்கிறது என்று கேட்டாள். மனைவி பெயரில் என்றேன். அப்படியானால் தகுதியைச் சரிபார்க்க வேண்டும், இறப்புச் சான்றிதழை ஆப்பில் ஏற்றுங்கள், குழு இரண்டு நாளைக்குள் தொடர்புகொள்ளும் என்றாள். பெண்ணே, சவம் இன்னும் நடு ஹாலில் கிடக்கிறது, சான்றிதழுக்கு எங்கே போவது என்று கேட்டேன். மன்னிக்கவும் மேடம், இது ப்ராசஸ் என்றாள். எனக்கு ஸ்ரீவத்சன் முகம் ஞாபகம் வந்தது.

நான் போனோடு பால்கனியில் நின்று கத்திக்கொண்டிருந்தபோது உள்ளே மேரிக்காவுக்கு வியர்த்துக் கொட்டியிருக்கிறது. துக்கத்தில் வியர்க்கிறது என்று பக்கத்தில் இருந்தவர்கள் முந்தானையால் விசிறியிருக்கிறார்கள். நான் உள்ளே வந்தபோது அவள் புருஷனின் சவத்தைப் பார்த்து அதட்டிக்கொண்டிருந்தாள்.

"எந்திரிங்க. வாசல்ல சாப்பாடு வந்து நிக்குது. போய்க் கதவத் தெறங்க. எவ்ளோ நேரமா நிக்குறான் அவன்."

சுற்றி இருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள். எனக்குத்தான் வெறும் வயிற்றில் போட்ட ஊசி ஞாபகம் வந்தது. ஓடிப் போய்ச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து அவள் வாயைத் திறந்து ஊற்றினேன். பாதி புடவையில் கொட்டியது. மகனின் நண்பன் ஒருவன், அவனோடு ஷிஃப்ட்டில் வேலை பார்க்கிற பையன், ஆர்டர் எங்கே வருகிறது பார்க்கலாம் ஆன்ட்டி என்று தன் போனில் சொர்ணம் ஆப்பைத் திறந்தான். திறந்ததும் விளம்பரமாக என் முகம். என் குரல். அந்தக் கூட்டத்துக்கு நடுவே, ஆரோக்கியசாமி அண்ணனின் தலைமாட்டில், சத்தமாக. "சொர்ணம் இருக்கிற ஊர்ல எந்தச் சாவு வீட்டுலயும் பசி இருக்காது."

அவன் அவசரமாக அணைத்தான். எல்லோரும் கேட்டாயிற்று. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதற்குப் பதில் நாலு அறை அறைந்திருக்கலாம்.

சர்க்கரைத் தண்ணீர் எவ்வளவு நேரம் தாங்கும்? ஏதாவது வயிற்றுக்குப் போக வேண்டும். என் வீட்டில் போய்ச் சமைக்கலாம் என்றால் அவளை விட்டு நகரப் பயம். அந்தப் பையன்கள் முக்குக் கடைக்குப் போய்க் கிடைத்ததை வாங்கி வந்தார்கள். வடாபாவ், பன்னுக்குள் உருளைக்கிழங்கு போண்டா. தினசரித் தாளில் எண்ணெய் ஊறி, வறுத்த மிளகாயோடு. சவம் கிடக்கிற வீட்டில் பொரித்த வாசம் பரவியது. எங்கள் பக்கத்தில் எந்த வீட்டிலும் நடக்காத காரியம், ஏசு சாமி கும்பிட்டாலும் சிவன் சாமி கும்பிட்டாலும். மேரிக்கா ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அதையே பார்த்தாள். பிறகு புருஷன் பக்கம் முதுகைத் திருப்பி உட்கார்ந்து தின்றாள்.

மாலையில் அடக்கம் முடிந்து வந்ததும் நான் குழுவில் ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். நடந்தது அத்தனையும். விஜய்யின் பேர் சொல்லி, அவன் டி.என்.ஏ.வையும் சேர்த்து. அது எங்கெங்கேயோ போயிற்று. இஸ்மாயில் பாய், "எனக்கு ஷேரும் வேணாம், மாவும் வேணாம்" என்று எழுதினார். ஸ்ரீவத்சன் ஒன்றும் எழுதவில்லை.

மறுநாள் காலை விஜய்யே வந்தான். இரண்டு கையிலும் பெரிய கேரியர். லிஃப்ட் வேலை செய்யவில்லை, மூச்சு வாங்க ஏறி வந்திருந்தான். சட்டை நனைந்திருந்தது. அவனை வாசலிலேயே நிறுத்தி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று ராத்திரியெல்லாம் தயார் பண்ணி வைத்திருந்தேன். அந்த வியர்வையைப் பார்த்ததும் பாதி கரைந்துபோனது.

"சாரி ஆன்ட்டி. நெஜமா சாரி" என்றான் மெதுவாக. "பேங்கர்ஸ்தான் சொன்னாங்க, கணக்குல இல்லாம ஃப்ரீயா எதுவும் வெளிய போகக் கூடாதுன்னு. மூணு வருஷ புக்ஸ் க்ளீனா இருக்கணுமாம். அதான் சாவு வீட்டுச் சாப்பாட்டையும் சர்டிஃபிகேட் கேட்டு ஆப்ல போட்டோம். இப்ப மார்க்கெட்டும் சரியில்ல. இந்த வருஷம் போவோமான்னே தெரியல."

"போவோமான்னே தெரியாததுக்கா தம்பி நிறுத்தினீங்க?"

அவன் கேரியரைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்பினான். "நீங்கல்லாம் ஃபேமிலி ஆன்ட்டி. அந்த வாய்ஸ் மெசேஜ் மட்டும் டெலீட் பண்ணிருங்களேன். அப்பா பேரும் அதுல கெடுது."

அண்ணாச்சி பேரைச் சொன்னதும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இவ்வளவு பெரிய கம்பெனி முதலாளி, மாடி ஏறி வந்து, கைகூப்பி நிற்கிறான். போனை எடுத்து, அவன் பார்க்கவே, எல்லோருக்கும் அழித்தேன். வாடிக்கைக்காரர்களை வாங்குவதற்கு ஷேர் மார்க்கெட் எல்லாம் வேண்டியதில்லை. சூடாக நாலு இட்லியும் ஒரு ஆன்ட்டியும் போதும்.

அவன் உள்ளே போய்க் கேரியரை மேரிக்காவின் முன்னால் வைத்து, தானே திறந்தான். சாம்பாரின் மேலே கடுகும் கறிவேப்பிலையும் மிதந்தன. பெருங்காயத்தோடு தாளித்த வாசம் ஹாலை நிறைத்தது. சுவரில் ஆரோக்கியசாமி அண்ணனின் படத்துக்குக் கீழே மெழுகுவத்தி எரிந்துகொண்டிருந்தது. மேரிக்கா சாம்பாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவன் அப்பா தன் ஆட்களுக்குச் சொன்ன முதல் பாடத்தைப் பிள்ளைக்குச் சொல்ல விட்டுப்போயிருக்கிறது.

அவன் படத்தைக் கும்பிட்டான். கொஞ்ச நேரம் நின்றான். பிறகு வாசல் வரை போய்த் திரும்பி, நல்ல பிள்ளையாக, தனக்குத் தெரிந்த மரியாதையான தமிழில் சொன்னான்.

"போயிட்டு வரேன் ஆன்ட்டி."

ஹாலில் இருந்த நாலைந்து பேரும் திரும்பி அவனைப் பார்த்தோம். சாவு வீட்டில் அதைச் சொல்லக் கூடாது என்று நான்தான் அவனுக்குச் சொல்லியிருக்க வேண்டும். மெசேஜை அழித்த வாய்க்கு என்ன வரும்?

மேரிக்கா தலையைத் தூக்காமலே சொன்னாள். "வேணாம்பா. வராத."

அவனுக்கு அது புரிந்ததா என்று எனக்குத் தெரியாது. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாத ஒரு முகத்தோடு படியிறங்கிப் போனான். மேரிக்கா கேரியரின் மூடியை எடுத்து மூடினாள். ஒவ்வொரு அடுக்காக, திறந்த வரிசையிலேயே. பிறகு என்னைப் பார்த்தாள். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில், நேற்றைய ஊசி இருந்தது.

"ராஜி, மேல போயி ஜாதவ் வீட்டுல பாக்ரி இருக்கான்னு கேளு. நேத்து வேணாம்னு நீதான சொன்ன. நீயே போய்க் கேளு."

நான் எழுந்து மாடி ஏறினேன்.